கல்யாணத்துக்கு முன் தலசீமியா சோதனை: எப்படிச் செய்வது, முடிவை எப்படி வாசிப்பது

தலசீமியா என்பது ரத்தத்தில் ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பரம்பரை நோய். அதற்கான மரபணுப் பிழை ஒன்றை மட்டும் சுமப்பவர் கடத்தி. அவரை ஆளைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேலைக்குப் போவார், விளையாடுவார். ஹீமோகுளோபின் 10, 11 என்று சற்றுக் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். அவரைப் போன்ற இன்னொருவரை மணந்து குழந்தை பிறக்கும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. பிறந்தபோது நன்றாக இருந்த குழந்தை ஆறு மாதத்துக்குப் பிறகு வெளிறத் தொடங்கும், மண்ணீரல் பெருத்து வயிறு உப்பும். பிறகு 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே ஒரு சிறு குப்பி ரத்தம் கொடுத்தால் இதை முன்கூட்டியே அறியலாம்.

பிழை எங்கே இருக்கிறது

ஹீமோகுளோபினில் ஆல்பா, பீட்டா என இரு வகைப் புரதச் சங்கிலிகள். பீட்டாவுக்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இந்தியாவில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை டி.என்.ஏ.வின் ஒரே ஓர் எழுத்து சார்ந்தது: முதல் இன்ட்ரானின் ஐந்தாவது இடத்தில் குவானைனுக்குப் பதில் சைட்டோசின். இன்ட்ரான் என்பது புரதத்துக்கான செய்தி தயாராகும்போது வெட்டி நீக்கப்படும் பகுதி. எங்கே வெட்டுவது என்ற அடையாளமே கெட்டுவிடுவதால் பெரும்பாலான செய்திகள் தப்பாக வெட்டப்பட்டு, பீட்டா சங்கிலி மிகக் குறைவாக உருவாகிறது. 8, 9-ஆம் மூன்றெழுத்துக் குறியீடுகளுக்கு இடையில் ஒரு குவானைன் கூடுதலாக நுழைவது இன்னொரு வகை. அதற்குப் பின்னுள்ள எழுத்துகள் எல்லாம் ஓரிடம் தள்ளி வாசிக்கப்படுவதால் அந்த மரபணுவிலிருந்து சங்கிலி அறவே வராது. துணையில்லாமல் மிஞ்சும் ஆல்பா சங்கிலிகள் எலும்பு மஜ்ஜையிலேயே திரண்டு, சிவப்பணுக்களை முதிரும் முன்பே அழிக்கின்றன.

11-ஆம் குரோமோசோம் பாலினம் சார்ந்தது அல்ல. நோயுள்ள குழந்தைக்குத் தாயும் தந்தையும் ஆளுக்கொரு பிழையைக் கொடுத்திருக்கிறார்கள். இதற்காக மருமகளைக் குற்றம் சொல்வது அநியாயம்.

சொந்தத்தில் கல்யாணம் என்றால்

பெண் கடத்தி என்று வையுங்கள். அந்தப் பிழை அவளுக்குத் தாய்வழி வந்திருக்க 1/2 வாய்ப்பு. தாய்க்கு இருந்தால் தாயின் தம்பிக்கும் இருக்க 1/2. ஆக, தாய்மாமன் கடத்தியாக இருக்கக் குறைந்தது 1/4 வாய்ப்பு. மாமன் மகன், அத்தை மகன் என்றால் 1/8. இந்தியாவில் பொதுவாக நூற்றுக்கு 3, 4 பேர் கடத்திகள் என்பதால் வெளியாருக்கு ஏறத்தாழ 1/30. பெற்றோர் இருவரும் கடத்திகளாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 1/4. பெருக்கினால் தாய்மாமனை மணந்தால் 1/16, வெளியாரை மணந்தால் 1/120. உறவு புதிதாகப் பிழையை உண்டாக்குவதில்லை. ஒரே பிழையின் இரண்டு பிரதிகள் ஒரு குழந்தையிடம் சேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வெளியில் பெண் எடுப்பவர்களும் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

இந்த 1/4 ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் புதிதாகப் பொருந்தும். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கும் வராது என்று கணக்குப் போட்டு ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

சோதனை

இரண்டு சோதனைகள் தேவை: முழு ரத்த எண்ணிக்கை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி. இரண்டுக்கும் ஊதா மூடி போட்ட குப்பியில் 2, 3 மில்லி ரத்தம் போதும். வெறும் வயிறு தேவையில்லை. கடந்த 3 மாதங்களுக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கொடுத்தவரின் அணுக்கள் கலந்து முடிவைக் கெடுத்துவிடும்.

முழு ரத்த எண்ணிக்கைத் தாளில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழே, எம்.சி.ஹெச். (ஒரு சிவப்பணுவில் உள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழே இருந்தால் சந்தேகம். இரும்புச்சத்துக் குறைவிலும் இப்படித்தான் இருக்கும். பிரித்தறிய எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியனில்) வகுத்துப் பாருங்கள். எம்.சி.வி. 66, எண்ணிக்கை 5.8 என்றால் 11.4, 13-க்குக் கீழே, தலசீமியா பக்கம் சாய்கிறது. எம்.சி.வி. 70, எண்ணிக்கை 4.1 என்றால் 17. இரும்புக் குறைவு என்று தோன்றுகிறது. இது வெறும் ஊகம்தான், உறுதி செய்வது ஹெச்.பி.எல்.சி.

அதில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின் ஏ2, எல்லோர் ரத்தத்திலும் சிறிதளவு இருக்கும் ஒரு வகை. 4 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் கடத்தி. 3.5 முதல் 3.9 வரை எல்லைக்கோடு. மரபணுச் சோதனை வேண்டும். 10-ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் ஏ2 அல்ல, அதே இடத்தில் தெரியும் ஹீமோகுளோபின் இ என்ற மாறுபட்ட வகை.

தவறு நடக்கும் இடங்கள் இவை. கடுமையான இரும்புக் குறைவு ஏ2-வைத் தாழ்த்தி, கடத்தியை இயல்பானவர்போலக் காட்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்து, குறைவென்றால் இரும்பு மாத்திரை முடித்து மறுபடி சோதியுங்கள். கர்ப்பிணி என்றால் காத்திருக்க நேரமில்லை, கணவரை உடனே சோதிக்க வேண்டும். பி12 குறைவு ஏ2-வைச் சற்று உயர்த்தும். இன்னொன்று: துணைக்கு எம்.சி.வி. சரியாக இருக்கிறது என்று ஹெச்.பி.எல்.சி.யை விட்டுவிடுவது. அரிவாள்செல் என்பது சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் இன்னொரு பரம்பரை ஹீமோகுளோபின் நோய்; அதன் கடத்திக்கு எம்.சி.வி. பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அவரும் தலசீமியா கடத்தியும் சேர்ந்தால் குழந்தைக்கு அரிவாள்செல் தலசீமியா வர 1/4 வாய்ப்பு. 1952-லேயே அரிவாள்செல் பதிவான நீலகிரியில் இதை மறக்கவே கூடாது.

இருவரும் கடத்தி என்றால்

முதலில் இருவருக்கும் எந்தப் பிழை என்று மரபணுச் சோதனையில் கண்டுபிடியுங்கள். கர்ப்பத்துக்கு முன்பே செய்வது நல்லது, ஏனெனில் தேட வேண்டியது எது என்று தெரிந்தால்தான் கருவின் சோதனை விரைவாக முடியும். 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு, அல்லது 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீர் எடுக்கிறார்கள். பிறகு என்ன செய்வது என்பது தம்பதியின் முடிவு. மாமனார் மாமியார் முடிவல்ல. 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, கருக்கலைப்புக்கு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும்.

ஒருவர் மட்டும் கடத்தி என்றால் குழந்தைக்குத் தலசீமியா மேஜர் (ரத்தம் ஏற்ற வேண்டிய கடுமையான வகை) வராது; பாதி வாய்ப்பில் கடத்தியாகப் பிறக்கலாம். கடத்தியின் உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் 1/2 வாய்ப்பு என்பதால் அறிக்கையின் நகலை அவர்களுக்கும் கொடுங்கள். குழந்தைகளை மட்டும் இரண்டு வயதுக்குப் பிறகு சோதித்தால் போதும். அதற்குள் ஏ2 அளவு நிலைபெற்றிருக்கும்.