கேட்ச் கேன் மாட்டினால் மட்டும் போதாது: டிராக் கார்களில் ஆயில் குறையக் காரணமாகும் தவறுகள்

சிங்கப்பூரிலிருந்து மலேசியா செல்ல துவாஸ் சோதனைச்சாவடிக்குப் போவதற்கு முன் டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறோம். இல்லாவிட்டால் அபராதம். அதே அக்கறையோடு எஞ்சின் ஆயிலின் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் நாள் முழுக்க ஓட்டிவிட்டு, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் திரும்பி வர வேண்டிய கார் அது. காலையில் சரியாக இருந்த ஆயில் மாலையில் ஒரு லிட்டர் குறைந்திருந்தாலும் விளக்கு எரியாமல் இருக்கலாம். பெரும்பாலான கார்களில் அந்தச் சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல.

ஆயில் எப்படிப் போகிறது? பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் எரிந்த வாயுவில் கொஞ்சம் கீழே கசிந்து எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் வரும். இதுதான் ப்ளோ-பை. ஐடிலிலும் மெதுவாகப் போகும்போதும் இன்டேக் மேனிஃபோல்டில் இருக்கும் வெற்றிடம், கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு விடும் பிசிவி வால்வு வழியாக அதை இழுத்துக்கொள்கிறது. பெடலை முழுக்க மிதித்தால் அந்த வெற்றிடம் போய்விடும். ப்ளோ-பையோ அப்போதுதான் மிக அதிகம். வாயு வேறு வழியின்றி, வால்வ் கவரிலிருந்து த்ராட்டிலுக்கு முன்னால் போகும் பிரீதர் ஹோஸ் வழியாக வெளியேறும், ஆயில் துளிகளையும் அள்ளிக்கொண்டு.

அந்தத் துளிகளைப் பிடித்து வைக்க ஹோஸின் நடுவே மாட்டும் டப்பாதான் கேட்ச் கேன். முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. கேட்ச் கேனை பிசிவி பக்கத்து ஹோஸில் மட்டும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு அது சரி. டிராக்கில் ஆயில் போவது பெரும்பாலும் பிரீதர் பக்கம். அங்கே கேன் இல்லையென்றால் ஆயில் இன்டேக் குழாய்க்குள் போகும். டர்போ காராக இருந்தால் இன்டர்கூலரின் உள்பக்கமும் பிசுபிசுக்கும். எரியும் கலவையில் ஆயில் கலந்தால் நாக்கிங்கும் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) எளிதில் வரும்.

இதைவிட மோசமானது ஹோஸ்களை அடைத்துவிடுவது. அழுத்தத்திற்குப் போக இடம் வேண்டும். வழி இல்லாவிட்டால் டிப்ஸ்டிக்கைத் தூக்கும், கிராங்க்கின் பின்முனையில் உள்ள ரியர் மெயின் சீலைத் தள்ளும். டர்போவிலிருந்து சம்ப்புக்கு (அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) வடிய வேண்டிய ஆயில் வடியாமல் சீல் வழியே கசியும். புகையைப் பார்த்து டர்போ போய்விட்டது என்று புதிது வாங்கியவர்களும் உண்டு. டர்போ கார்களில் பிசிவியின் ஒருவழி வால்வு கெட்டுப்போனாலும் பூஸ்ட் நேராக கிராங்க்கேஸுக்குள் இறங்கி இதே கோலம்தான்.

சிலர் வால்வ் கவரில் ஒரு சின்ன ஃபில்டரைச் செருகி வாயுவை வெளியே விடுகிறார்கள். சாலையில் ஓடும் காரில் கிராங்க்கேஸ் வாயு இன்டேக்குக்கே திரும்பி எரிய வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டின் அடிப்படை. அந்த ஃபில்டரில் ஊறி வடியும் ஆயில் சூடான எக்ஸாஸ்டில் சொட்டினால் தீப்பிடிக்கலாம். தடத்தில் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்கிப் போவார். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

கேனைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். உள்ளே தடுப்போ வலையோ இல்லாத வெறும் டப்பாவில் ஆயில் மூடுபனி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே வெளியேறிவிடும். ஹோஸ் குறுகலாக இருந்தால் அழுத்தம் தேங்கும். நடுவில் தொய்ந்து பள்ளமாக இருந்தால் அங்கே ஆயில் தேங்கி வழியை அடைக்கும். கூலன்ட் ஹோஸை வெட்டி மாட்டாதீர்கள், ஆயில் பட்டால் ஊறி இளகிவிடும். வெளியே திறந்த அமைப்பு வைத்திருக்கும் பந்தயக் கார்களுக்கு சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகள் 2000 சிசி வரை குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் கொள்ளளவு கேட்கின்றன. உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரியவும் வேண்டும். கடைகளில் கிடைக்கும் உள்ளங்கை அளவு கேன்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சிவிடக் கூடாதே என்று நிறைய ஊற்றுபவர்களும் உண்டு. மேல் கோட்டைத் தாண்டினால் பல எஞ்சின்களில் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும். நுரை முதலில் வெளியேறுவது பிரீதர் வழியாகத்தான். செப்பாங்கின் 5, 6ஆம் வளைவுகள் போன்ற வேகமான நீண்ட வளைவுகளில் சிலிண்டர் ஹெட்டிலுள்ள ஆயில் கீழே வடிய முடியாமல் அங்கேயே நின்றுவிடும். இதற்குச் சரியான தீர்வு தடுப்புகள் உள்ள சம்ப். ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டரும் அவசியம்.

கேனைத் திறந்தால் மயோனைஸ் போல வெளிர் மஞ்சளாக ஏதோ இருக்கும். பதற வேண்டாம். நம் ஊர் ஈரப்பதமும், எஞ்சின் முழுக்கச் சூடேறாத குட்டிப் பயணங்களும் சேர்ந்தால் நீராவி ஆயிலோடு கலந்து இப்படி ஆகும். கூலன்ட் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். அது குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். எதுவானாலும் அதைத் திரும்ப எஞ்சினில் ஊற்றாதீர்கள், அதில் பெட்ரோலும் தண்ணீரும் கலந்திருக்கிறது. கழிவு ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள், சாக்கடையில் ஊற்றக் கூடாது.

சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் பத்து வயது தாண்டிய கார்கள் இங்கே டிராக்கில் நிறைய. அவற்றில் கேன் சீக்கிரம் நிறைந்தால் பெரிய கேன் வாங்குவதற்கு முன் லீக்-டவுன் சோதனை (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) செய்துவிடுங்கள். கசிவு 10 சதவீதத்திற்குள் இருந்தால் பொதுவாக நல்ல நிலை. 20ஐத் தாண்டினால் எஞ்சினைக் கவனிக்க வேண்டிய நேரம். சோதனையின்போது ஆயில் மூடியைத் திறந்து காதை வையுங்கள். உஸ்ஸென்று காற்று வந்தால் அது ரிங் வழியாக வருகிறது.

ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் காரைச் சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். எவ்வளவு ஊற்றினீர்கள், கேனில் எவ்வளவு சேர்ந்தது என்று போனில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போனால் ஆயில் பிரீதர் வழியாகத்தான் போகிறது. அரை லிட்டர் ஊற்றியும் கேன் கிட்டத்தட்ட காலியாக இருந்து, அடியில் கசிவும் இல்லையென்றால், ஆயில் உள்ளே எரிகிறது: ரிங், வால்வ் சீல், டர்போ என்ற வரிசையில் தேட ஆரம்பியுங்கள்.