சபைக்குத் திரும்பி வருகிறவரிடம் கேட்கக் கூடாத கேள்வி

ரொம்ப நாள் கழித்து ஒருவர் ஆராதனைக்கு வந்தால், வாசலிலேயே "இத்தனை நாளா எங்கே போனீங்க?" என்று கேட்காதீர்கள். அக்கறையில் கேட்டாலும் விசாரணை மாதிரித்தான் காதில் விழும். குடியை விட்டவரோ, ஜெயிலிலிருந்து வந்தவரோ, அவர் கதை ஊருக்கே தெரிந்திருக்கும். அதை அவர் வாயால் மறுபடி வரவழைக்க வேண்டியதில்லை. "வாங்க, இங்க இடமிருக்கு" போதும். பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தில் எண்ணைப் புரட்டிக் கொடுங்கள். முடிந்ததும் இரண்டு பேரிடம் அறிமுகப்படுத்துங்கள். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 9-ல், முன்பு விசுவாசிகளைத் துன்புறுத்திய சவுல் மனம் மாறி வந்தும் எருசலேம் சீஷர்கள் அவரைக் கண்டு பயந்தபோது, பர்னபாதான் அவரை அப்போஸ்தலரிடம் கூட்டிப்போனார். கூட ஒருவர் நின்றால் மற்றவர்களின் தயக்கமும் குறையும்.

முதல் வாரமே சாட்சி சொல்லச் சொல்லி, அதாவது தன் வாழ்க்கை மாறிய கதையை எல்லார் முன்னும் சொல்லச் சொல்லி, முன்னால் இழுக்க வேண்டாம். அப்புறம், "அவருக்காக ஜெபிச்சுக்கோங்க, என்ன நடந்துச்சுன்னா..." என்று ஆரம்பிக்கும் பேச்சு இருக்கிறதே, அது ஜெபக் குறிப்பு இல்லை, சுத்தமான வம்பு. "சரி, பெயர் போதும், ஜெபிப்போம்" என்று அங்கேயே நிறுத்திவிடலாம்.

இதற்காகக் காணிக்கைக் கணக்கையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் உடனே ஒப்படைக்கச் சொல்லவில்லை. அந்தப் பொறுப்புகளுக்கு யார் வந்தாலும் சபை விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும், பரம்பரைக் கிறிஸ்தவராக இருந்தாலும்.