கல்லணை முதல் கடைமடை வரை: காவிரிக் கரையில் சைக்கிளில் நாலு நாள்

வெளிநாட்டில் ‘கிராவல் பைக்’ என்று விற்கிற அகல டயர் சைக்கிளைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டெல்டாவில் கிராவல் என்பது அன்றாடச் சொல். ஆற்றங்கரையிலும் வாய்க்கால் கரையிலும் லாரியில் கொண்டுவந்து கொட்டிப் பரப்புகிற செம்மண்ணுக்கு அதுதான் பெயர். “கிராவல் ரோட்டில் ஓட்டுகிற சைக்கிள்” என்றால் டீக்கடைப் பெரியவருக்கும் சட்டென்று புரிந்துவிடும்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் நாம் என்ன செய்கிறோம்? விமான நிலையத்தில் கார் ஏறுகிறோம், பெரிய கோயில், கும்பகோணம், உறவினர் வீடு, திரும்பக் கார். காவிரியைப் பாலத்தின் மேல் அரை நிமிடம் பார்ப்பதோடு சரி. இந்த ஆற்றைப் புரிந்துகொள்ள அதன் கரையிலேயே போக வேண்டும். திருச்சியில் கண்ணுக்கு அகப்படாத அகலத்தில் கிடக்கிற காவிரி, மயிலாடுதுறைக்கு வரும்போது ஓர் ஓடை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பூம்புகாரில் கடலைத் தொடும் இடத்தில் ஒரு வாய்க்கால்தான். வழியெல்லாம் வயலுக்கு வயல் பங்கு கொடுத்துவிட்டுப் போகிற ஆறு அது. இதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. நாலு நாள் கரையோடு மிதித்தால் ஒவ்வொரு மதகிலும் தெரியும்.

எப்போது வருவது என்பதுதான் முதல் கேள்வி. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். தண்ணீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆகும். என் தேர்வு பொங்கல் முடிந்த மறுவாரம். சம்பா அறுவடை நடக்கும், ஆற்றில் இன்னும் தண்ணீர் இருக்கும், காலைப் பனியில் ஓட்டுவது சுகம். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில்தான் வர முடியும் என்பவர்களும் தயங்க வேண்டாம். வெயில் கடுமைதான், காலையில் மட்டுமே ஓட்ட முடியும். ஆனால் ஆடியில் மேல்காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்களே, அந்தக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிற உங்களை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். ஆடிப் பதினெட்டுக்குப் படித்துறைகளில் கூட்டம் நிறைந்திருப்பதையும் பார்க்கலாம். வரவே கூடாத காலம் ஐப்பசி, கார்த்திகை. மழையில் கரை களியாகிவிடும். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது.

சைக்கிளை அட்டைப் பெட்டியில் கட்டிக் கொண்டுவருவதே நல்லது. சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், கொழும்பிலிருந்து திருச்சிக்கே நேரடி விமானம் உண்டு. ஐரோப்பா, கனடாக்காரர்கள் அந்த வழியாக இணைப்பு எடுத்தால் சென்னையிலிருந்து சாலைப் பயணம் மிச்சம். டயர் 40 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டு, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கரை நெடுக சீமைக் கருவேல முள். முதல் வருடம் நான் சாதாரண டியூபோடு வந்து ஒரே காலையில் மூன்று முறை பஞ்சர் ஒட்டினேன். கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர்கள் ஒட்டுவதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் உங்கள் அளவு டியூபும் இந்த வகை சைக்கிளில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கான பம்பும் அங்கே கிடைக்காது. இரண்டு டியூப், ஒரு வால்வு அடாப்டர், கைப்பம்பு கையில் இருக்கட்டும். கியரைப் பற்றிக் கவலை வேண்டாம். திருச்சியிலிருந்து கடல் வரை மொத்த இறக்கமே நூறு மீட்டருக்குள்தான்.

சரி, வழிக்கு வருவோம். திருச்சியிலிருந்து கல்லணைக்குக் காவிரியின் தென்கரையில் ஒரு சாலை உண்டு. அதைவிட நான் விரும்புவது திருவானைக்காவலிலிருந்து உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகப் போகும் தீவுச் சாலை. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம், நடுவில் வாழைத் தோட்டம். விடிவதற்குச் சற்று முன் கிளம்பினால் கல்லணையில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கலாம்.

கல்லணையில் அவசரப்படாதீர்கள். கரிகாலன் கட்டியதாக நாம் சொல்லிவரும் அணை; பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் அதன்மேல் வேலை செய்தார்கள். அணைமேல் நின்று பார்த்தால் ஒரே ஆறு நாலாகப் பிரிவது தெரியும்: கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, அப்புறம் மேட்டூர் அணை எழுந்த 1930-களில் வெட்டிய கல்லணைக் கால்வாய். ஊரில் அதைப் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். வெள்ளத்தை வாங்கிக்கொள்வது கொள்ளிடம், வயலுக்குப் போவது மற்ற மூன்றும். இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் அடுத்த மூன்று நாளும் எந்தக் கரையில் நிற்கிறோம் என்ற குழப்பம் வராது.

கல்லணைக்குக் கீழே கோவிலடி வழியாகத் திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் உள்ள பகுதிதான் மொத்தப் பயணத்திலும் எனக்குப் பிடித்தது. தார் விட்டுக் கரைமேல் ஏறினால் செம்மண் தடம், இரண்டு பக்கமும் மூங்கில், நாணல். போன வருடம் இங்கே ஒரு வாய்க்கால் தலைப்பில் மதகைத் திறந்து மூடும் நீர்வளத் துறை ஊழியரான லஸ்கர் ஒருவர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். கிரீஸ் பூசிய திருகுத் தண்டு, அதில் மாட்டிய இரும்புக் கைப்பிடி. பத்துச் சுற்றுக்கு ஷட்டர் ஒரு விரற்கடைதான் இறங்கும். நானும் ஒரு கை போட்டேன். தண்ணீரின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்பட்டு, கடைசியில் மதகின் அந்தப் பக்கம் தவளைச் சத்தம் கேட்டது. “யாரு வீட்டுப் புள்ள தம்பி?” என்றார். தாத்தா பெயரைச் சொன்னேன். “அவரு நிலத்துக்கு இதே மதகுதான் பாயும்” என்றார். பள்ளிக்கூட நாளிலேயே ஊரைவிட்டுப் போன எனக்கு அந்த விவரம் அன்றைக்குத்தான் தெரியும். உங்கள் பூர்விகம் இந்தப் பக்கம் என்றால், கிளம்பும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் நிலம் எந்த வாய்க்கால் பாசனம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கரையில் உங்களுக்கு அதுவே அடையாளச் சீட்டு.

முதல் இரவு திருவையாறு. திருச்சியிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அல்வாவை வாழையிலைத் துண்டில் சூடாகக் கேட்டு வாங்குங்கள். தியாகராஜர் ஆராதனை நாட்களில் அறை கிடைக்காது, தேதியைப் பார்த்துக்கொண்டு வாருங்கள். கிடைக்காவிட்டால் தஞ்சாவூர் 13 கிலோமீட்டர்தான்.

இரண்டாம் நாள் தூரம் குறைவு, பார்க்க வேண்டியது அதிகம். ஐயம்பேட்டை பக்கம் புள்ளமங்கைக் கோயிலில் முற்காலச் சோழர்களின் சிற்றுருவச் சிற்பங்கள், உள்ளங்கையில் மூடிவிடலாம் போல. பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம், கவிழ்த்து வைத்த கூம்பு மாதிரி. பிறகு சுவாமிமலை. மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பட்டறையில் கேட்டால் அந்த மண்ணைக் கையில் கொடுப்பார்கள். மாவு மாதிரி நைசாக இருக்கும். முதல் நாள் முழுக்க உங்கள் சங்கிலியில் ஒட்டிக்கொண்டு வந்ததும் இந்த ஆற்று மண்தான்.

கும்பகோணத்தில் இரண்டு இரவு தங்கினாலும் தகும். இரண்டாம் இராசராசன் கட்டிய தாராசுரம் கோயிலுக்கு மாலை வெயிலில் போங்கள். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் ஓட்டத்தை அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள். இறுக்கமான சைக்கிள் கால்சட்டையோடு கோயிலுக்குள் போவது அழகல்ல. ஒரு பருத்தி வேட்டியை மடித்து ஹேண்டில் பையில் வைத்தால் போதும்; பெண்கள் ஒரு சுடிதார் பேன்ட்டும் துப்பட்டாவும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் திருபுவனம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. பட்டுத் தறிச் சத்தம் திருபுவனத்தில். ஆடுதுறையில் இருப்பது 1922-ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம். நம் வீடுகளில் சொல்லும் ஏடிடி 36, ஏடிடி 43 நெல் ரகங்கள் எல்லாம் இங்கே பிறந்தவை.

அறுவடைக் காலத்தில் சில விஷயங்கள் கவனம். சாலையில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போங்கள். அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. அறுப்பு மிஷின் போட்ட வைக்கோல் தடத்தில் கிடந்தால், பின்சக்கரத்தில் கியர் மாற்றும் டிரெய்லியரில் சுற்றிக்கொள்ளும். நின்று கையால் எடுத்துவிடுங்கள், இழுத்து மிதித்தால் அதைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் உடையும். அந்தப் பாகம் இங்கே எந்த ஊரிலும் கிடைக்காது, ஒன்று உபரி கொண்டுவாருங்கள். நாய் துரத்தினால் வேகம் எடுக்க வேண்டாம். இறங்கி நின்று சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டால் அதுவே போய்விடும். இருட்டிய பிறகு கரையில் ஓட்டவே வேண்டாம். விளக்கில்லாத டிராக்டர், தடத்தில் கிடக்கும் பாம்பு இரண்டுமே உண்மையான ஆபத்து. ஆற்றில் இறங்கிக் குளிக்க ஆசை வரும். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது. உள்ளூர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையைத் தவிர வேறெங்கும் இறங்காதீர்கள்.

வரைபடச் செயலி கரைத் தடத்தைப் பல இடங்களில் காட்டாது. செயற்கைக்கோள் படத்தில் முன்னிரவே பார்த்துப் பாதையைச் சேமித்துக்கொள்ளுங்கள், மீதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்கும்போது “ரோடு எங்கே போகுது” என்று கேட்காமல் “கரையோடவே போகலாங்களா, எங்கயாச்சும் உடைப்பு இருக்கா” என்று கேளுங்கள். சரியான பதில் வரும். சின்னக் கடைகளில் க்யூஆர் அட்டைதான் தொங்கும், உங்கள் வெளிநாட்டு அட்டை அங்கே உதவாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள்.

நாலாம் நாள் பூம்புகார் 25 கிலோமீட்டர் போல. தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்து மெலிந்த காவிரி கடலைத் தொடுவதைப் பார்த்துவிட்டு, கடற்கரையை ஒட்டித் தெற்கே தரங்கம்பாடிக்கு இறங்குங்கள். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை அங்கே கடலைப் பார்த்து நிற்கிறது. அறைக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு வாளி நல்ல தண்ணீர் கேட்டு சைக்கிளைக் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக் காற்று ஓர் இரவில் துருப்பிடிக்க வைக்கும். மறுநாள் ஒரு குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) பேசிக்கொண்டால் சைக்கிளோடு மயிலாடுதுறை ரயிலடிக்குக் கொண்டுவந்து விடுவார்கள். பார்சலில் போடுவதானால் வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்ப் பதிவு செய்யுங்கள். பெடல்களைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.