புது போனுக்கு பிளான் போடும்போது காசு எங்கே கசிகிறது?

கானாடுகாத்தானில் எங்களுக்குப் பழக்கமான ஆச்சி ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தைந்து. பால், கேஸ், கரண்ட் பில், கோயில் புள்ளிவரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டுவது) என்று எல்லாச் செலவையும் நீள நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பவர். புது போன் வாங்கி ஓராண்டு ஆனபோது, "தம்பி, செல்லுக்கு எவ்வளவு போயிருக்குன்னு கூட்டிச் சொல்லு" என்று நோட்டை என்னிடம் நீட்டினார். காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன் என்பதால் இந்த மாதிரி வேலை என்னிடம்தான் வரும். 'செல் 349' என்ற வரி பதின்மூன்று இடத்தில் இருந்தது. மொத்தம் 4,537 ரூபாய்.

"மாசம் ஒரு தரந்தானே போடுறேன். பதிமூணு எப்படிப்பா வந்துச்சு?"

முதல் தவறு இங்கேதான். 28 நாள் பிளானை மாத பிளான் என்று நினைத்துக்கொள்கிறோம். 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13 வருகிறது. பன்னிரண்டு சம்பளம் வாங்குகிற வீட்டில் பதின்மூன்று ரீசார்ஜ். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 ஜனவரியிலேயே உத்தரவு போட்டுவிட்டது: ஒவ்வொரு நிறுவனமும் முழு 30 நாள் பிளானும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பிளானும் குறைந்தது ஒவ்வொன்றாவது வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் ஆப்பில் தேடினால் கிடைக்கும். கடைக்காரர் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து நான் கேட்டதில்லை.

அதனால் எந்த பிளானைக் காட்டினாலும் விலையை நாளால் வகுத்துவிடுங்கள். 28 நாளுக்கு 349 என்றால் நாளுக்கு 12 ரூபாய் 46 காசு. அதே 2 ஜிபி பிளானை 84 நாளுக்கு 859 என்று கொடுத்தால் நாளுக்கு 10 ரூபாய் 23 காசு. மூன்று தடவை 349 போட்டால் 1,047 ஆகியிருக்கும். 188 ரூபாய் மிச்சம். விலை இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. வகுக்கிற பழக்கம் இருந்தால் போதும்.

சில இடத்தில் இந்த வகுத்தல் கண்ணைத் திறந்துவிடும். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் கொடுக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அடுத்த மாதமே அப்படிப்பட்ட பேக்குகள் வந்தன. ஜியோ 1,748 ரூபாய், ஏர்டெல் 1,849 ரூபாய். பார்த்தவுடன் முதலாவது நூறு ரூபாய் குறைவு என்று தோன்றும். ஆனால் 1,748 ரூபாய்க்கு 336 நாள்தான். 1,849 ரூபாய்க்கு 365 நாள். வகுத்துப் பாருங்கள்: முதலாவது நாளுக்கு 5 ரூபாய் 20 காசு, இரண்டாவது 5 ரூபாய் 7 காசு. குறைந்த விலையாகத் தெரிந்ததுதான் நாள் கணக்கில் கூடுதல்.

இனி ஆச்சியின் கணக்குக்கு வருவோம். அவர் போனில் செட்டிங்ஸுக்குள் போய் டேட்டா யூசேஜைத் திறந்தேன். மொபைல் டேட்டா தனியாகவும் வைஃபை தனியாகவும் காட்டும். அந்த 28 நாளில் மொபைல் டேட்டா 1 ஜிபி கூட ஆகவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு தினமும் வீடியோ காலில் பேசுகிறார், பேத்தி பாடுவதைப் பார்க்கிறார். அத்தனையும் வீட்டு ஃபைபர் வைஃபையில் ஓடுகிறது. அதற்குத் தனியாக மாதக் கட்டணம் போய்க்கொண்டிருக்கிறது. ஆக, நாளுக்கு 2 ஜிபி வீதம் 56 ஜிபிக்குக் காசு கட்டி, அதில் ஒன்றைக் கூடத் தொடாமல் மீதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அன்றன்றைய ஜிபி அன்று நள்ளிரவோடு தீர்ந்தது, மறுநாளைக்குச் சேராது.

இரண்டாவது தவறு, நம் தேவையைப் பார்க்காமல் பிளானைப் பார்ப்பது. ஒரு ஜிபி எவ்வளவு மலிவு என்று கணக்குப் போடுகிறோம். நமக்கு எத்தனை ஜிபி வேண்டும் என்று போடுவதில்லை. புது போன் வாங்கப் போவதற்கு முன்பே பழைய போனில் மூன்று மாதத்து மொபைல் டேட்டாவை எழுதிக்கொள்ளுங்கள். கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு நாளுக்கு 2 ஜிபி நிஜமாகவே தேவைப்படலாம். ஆச்சிக்குத் தேவையில்லை. பேச்சு பேக்குக்கு மாறினால் ஆண்டுக்கு 4,537-க்குப் பதில் 1,849. மிச்சம் 2,688 ரூபாய். பேங்கிலிருந்து வருகிற ஓடிபி எப்போதும்போல வரும். வெளியே போகும்போது வாட்ஸப்பும் ஜிபேயும் ஓடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிள்ளையார்பட்டிக்குப் போனால் கையில் சில்லறையோடு போகிறவர் அவர், ஒத்துக்கொண்டார். கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தே பழகியவருக்கு இந்த பேக் சரிவராது. மேலே சின்ன டேட்டா பேக் போட்டுக்கொள்ள முடியுமா என்றாவது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஃபைவ்ஜி என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விலை

ஃபைவ்ஜி போன் வாங்கிவிட்டால் ஃபைவ்ஜி தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தியாவில் சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 1. 2024 ஜூலை விலையேற்றத்தோடு, 'அன்லிமிடெட் ஃபைவ்ஜி' என்ற சலுகையை ஜியோவும் ஏர்டெலும் நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பிளான்களுக்கு என்று சுருக்கிக்கொண்டன. 1.5 ஜிபி பிளானிலேயே திருப்தியாக இருந்தவர், போன் மாறிய ஒரே காரணத்துக்காக, ஜியோவில் என்றால் 299-லிருந்து 349-க்கு ஏறினார். வித்தியாசம் 50 ரூபாய்தான், ஆனால் பதின்மூன்று தடவை: ஆண்டுக்கு 650. போனை மூன்று வருடம் வைத்திருந்தால் 1,950. கடையில் போன் விலையில் ஐந்நூறு குறைக்கச் சொல்லி அரை மணிநேரம் நின்று பேசுகிறோமே, அந்த நேரத்தில் இதையும் பேச வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் நம் வீடுகள். செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் நின்றால் சிக்னல் முழுதாக இருக்கும். வளவில் வானம் திறந்திருப்பதால் அங்கேயும் பரவாயில்லை. வளவைச் சுற்றியுள்ள அறைக்குள் நுழைந்து அந்தக் கனத்த தேக்குக் கதவைச் சாத்திப் பாருங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவரைத் தாண்டி உள்ளே வருவதற்குள் ஒரு கோடுதான் மிஞ்சும். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் அதுவும் இருக்காது. இதற்குக் காரணம் அலைவரிசை. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் சுவரை ஊடுருவி வரும். ஃபைவ்ஜிக்கு அதிகமாகப் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை சுவரில் மோதியதும் பெரும்பாலும் தேய்ந்துவிடும். தெருவில் நின்று ஸ்பீடு டெஸ்ட் போட்டு, "இங்க 400 வருது" என்று காட்டுவதை நம்பி பிளான் எடுக்கக்கூடாது. நிறுவனங்களின் தளத்தில் கவரேஜ் வரைபடம் இருக்கிறது. பார்க்கலாம், ஆனால் அதில் உங்கள் உள்ளறை தெரியாது.

நான் செய்வது இதுதான். வேறு நெட்வொர்க் வைத்திருக்கும் இரண்டு உறவுக்காரர்களைச் சாயங்காலம் காப்பிக்குக் கூப்பிடுவேன். அவர்கள் போனை வாங்கி, நாம் படுக்கிற அறை, சமையல்கட்டு, மாடி என்று ஒவ்வோர் இடத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கால் பேசிப் பார்ப்பேன். எந்த நெட்வொர்க் நம் வீட்டுக்கு ஒத்துவரும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டில் வைஃபை இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: வைஃபை காலிங். சிக்னலே இல்லாத அறையிலும் சாதாரண அழைப்பு வைஃபை வழியாக வரும், தனிக் கட்டணம் இல்லை. போனும் நெட்வொர்க்கும் இரண்டுமே அதை ஆதரிக்க வேண்டும் என்பதால், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவணையில் ஒளிந்திருப்பது

கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குகிற ஊர் இது. அதே ஊரில் போன் கடையில் நீட்டுகிற தாளில் மட்டும் வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். நானும் போட்டேன். மகளுக்கு 18,999 ரூபாய் போன் 'வட்டியில்லாத் தவணை'யில் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பில்லை விரித்தால் பிராசஸிங் கட்டணம் 399, நான் கேட்காத ப்ரொடெக்ஷன் பிளான் 1,299, ஸ்கிரீன் கார்டு 499. மொத்தம் 2,197 ரூபாய் கூடுதல். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ஆயிரம் ரூபாய் குறைத்திருப்பார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பிறத்தியார் கணக்கை வரிவரியாகச் சரிபார்க்கிறவன், என் வீட்டுத் தாளைப் படிக்காமல் விட்டேன்.

கிரெடிட் கார்டில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' எடுத்தால் இன்னொன்றும் வரும். வங்கி வட்டி போடத்தான் செய்யும். அந்த வட்டித் தொகையைத்தான் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார்கள். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை நம்மிடம்தான் வாங்குவார்கள். தொகை பெரிதல்ல, ஆனால் 'வட்டியில்லை' என்ற சொல்லுக்குள் அது அடங்காது.

போஸ்ட்பெய்டிலும் இதே ஜிஎஸ்டிதான் ஏமாற்றுகிறது. ப்ரீபெய்டில் போட்டிருக்கும் விலையிலேயே வரி அடக்கம். போஸ்ட்பெய்டில் 449 என்று போட்டிருந்தால் பில் 529 ரூபாய் 82 காசு வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வரியைச் சேர்த்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் போன்

நம் பக்கத்தில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டுப் பிள்ளையாவது வெளிநாட்டில் இருப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் நெட்வொர்க் நிறுவனங்கள் போனைச் 'சும்மா' கொடுப்பதாக விளம்பரம் செய்யும். நடப்பது வேறு: போன் விலையை 24 அல்லது 36 மாதமாகப் பிரித்து பில்லில் ஏற்றி, அதே தொகையை மாதாமாதம் கழித்துக்கொடுப்பார்கள். இடையில் விலகினால் மீதிக் கழிவு நின்றுவிடும். போனுக்கான மீதித் தொகையைக் கட்டியாக வேண்டும். அதுவரை போன் அந்த நெட்வொர்க்குக்கே பூட்டியிருப்பது வழக்கம். அந்த போனை ஊருக்குக் கொண்டுவந்து அப்பத்தாவுக்குக் கொடுத்தால் நம் சிம் வேலை செய்யாது. ஐபோனாக இருந்தால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய் 'கேரியர் லாக்' என்ற வரியைப் பாருங்கள். 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்று இருக்க வேண்டும். 2022-இல் வந்த ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். கையிலிருக்கும் சிம்மை இ-சிம்மாக மாற்ற முடியுமா என்று நம் நெட்வொர்க்கில் கேட்டுவிட்டுப் பிறகு பிள்ளையிடம் "கொண்டு வா" என்று சொல்லுங்கள்.

இங்கிருந்து அங்கே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்கள் விமானம் ஏறுமுன் டேட்டா ரோமிங்கை (வெளிநாட்டு நெட்வொர்க்கில் டேட்டா ஓடுவதை) அணைத்துவிடுங்கள், அல்லது ரோமிங் பேக் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் செய்யாமல் இறங்கினால்தான் சிக்கல்.

ஆண்டு பிளானும் போர்ட்டும்

ஒரே தடவையாக ஓராண்டுக்குக் கட்டுவது நல்லதா? சிக்னல் சோதித்து, இந்த நெட்வொர்க்தான் என்று தெளிவானவர்களுக்கு நல்லது. 2024 ஜூன் கடைசியில் விலையேற்றத்தை அறிவித்தார்கள்; ஜூலை 3 முதல் ஜியோ, ஏர்டெல், 4 முதல் 'வி' (வோடபோன் ஐடியா) கட்டணம் கூடியது. அதற்கு முன்பே ஆண்டு பிளான் போட்டவர்களுக்கு அது முடியும்வரை பழைய விலைதான். ஆனால் புது நெட்வொர்க்குக்கு அப்போதுதான் மாறியவர் முதல் ரீசார்ஜையே ஆண்டு பிளானாகப் போடக்கூடாது. ஒரு 28 நாள் ஓட்டிப் பாருங்கள்.

எண்ணை மாற்றாமல் நெட்வொர்க் மாற 2011-லிருந்து நாடெங்கும் வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடம் விட்டு, பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாள்தான் செல்லும். ஒரு நெட்வொர்க்கில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக்கூடாது. சிம் தொலைந்து புது சிம் வாங்கியிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும்; 2024 ஜூலையிலிருந்து இந்த விதி. எல்லோரும் மறப்பது ஒன்று: மீதி நாளும் மீதி இருப்பும் கூட வராது. 84 நாள் பிளான் போட்ட பத்தாம் நாள் போர்ட் செய்தால் 74 நாள் போச்சு. பிளான் முடிய ஒரு வாரம் இருக்கும்போது தொடங்குங்கள். போர்ட் செய்து வருகிறவருக்குக் கொடுக்கும் முதல் ரீசார்ஜ் விலை பெரும்பாலும் ஒரு தடவைக்குத்தான். இரண்டாவது தடவை எவ்வளவு என்று கேட்டுவிட்டுச் சிம்மை வாங்குங்கள்.

ஆச்சி பேச்சு பேக்குக்கு மாறி நான்கு மாதம் ஆகிறது. ஓராண்டு பேக்கில் உள்ள ஒரே கஷ்டம், முடிகிற தேதி மறந்துபோவது. அதற்கு அவரே வழி செய்துவிட்டார். நீள நோட்டின் கடைசிப் பக்கத்தில் முடியும் தேதியைச் சிவப்பு மையில் எழுதி, அதற்கு ஒரு வாரம் முந்தின தேதியையும் போட்டு, பக்கத்தில் என் போன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார்.