மீனின் நிறம் மங்கினால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

கடையில் கனல்போலத் தெரிந்த மீன், வீட்டுத் தொட்டிக்கு வந்து ஒரு மாதம் ஆவதற்குள் வெளிறிவிட்டது என்ற குறையைத் தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை மீன் வளர்க்கும் எவரிடமும் கேட்கலாம். உடனே நிறமூட்டும் தீவனம் ஒன்றை வாங்கிப் போடுவதுதான் பலரும் செய்யும் முதல் வேலை. அது பெரும்பாலும் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை என்பது என் கருத்து. நிறம் மங்க எவ்வளவு காலம் பிடித்தது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். நிமிடங்களில் மங்கியதா, நாட்களில் மங்கியதா, வாரக்கணக்கில் மெல்லக் கரைந்ததா என்று தெரிந்துவிட்டால், காரணம் பாதி பிடிபட்டுவிடும்.

நிமிடங்களில் நிகழும் மாற்றம் நோயன்று. மீனின் தோலில் உள்ள நிறமிச் செல்களுக்குள் கருநிறத் துகள்கள் பரவினால் உடல் கறுக்கும். அவை செல்லின் நடுவே ஒடுங்கினால் வெளிறும். அச்சம், துரத்தும் துணைமீன், இரவின் இருள் ஆகிய எல்லாமே இந்தத் துகள்களை நகர்த்தும். விடியற்காலையில் விளக்கைப் போட்டதும் நியான் டெட்ரா சாம்பல் பூத்ததுபோல் நிற்பதைக் கண்டு பதற வேண்டாம். சற்று நேரத்தில் நிறம் திரும்பிவிடும். நாள் முழுவதும் அப்படியே நின்றால், தொட்டியில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா, கூட்டமாக வாழும் மீனை இரண்டு மூன்றாக மட்டும் விட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

இதே ஏற்பாட்டின் இன்னொரு முகம் பின்புலம். வெண்மணலும் வெற்றுக் கண்ணாடியுமாக உள்ள தொட்டியில் மீன் தன்னை மறைத்துக்கொள்ள வெளிறுகிறது. கரிய தரையில் நிறத்தை அடர்த்தியாக்கிக்கொள்கிறது. ஆகையால் செலவில்லாத முதல் வைத்தியம், தொட்டியின் பின்பக்கம் ஒரு கறுப்பு அட்டையை ஒட்டுவதுதான். அடியில் பரப்புவதற்குக் கருங்கல் பொடிச் சல்லியை நன்றாகக் கழுவிப் போடலாம். (ஆற்று மணலுக்கு இன்று இருக்கும் விலையில் அதைத் தொட்டிக்குள் கொட்ட மனம் வராது.) கடற்கரைப் பக்கம் அள்ளிய மணலில் சிப்பித்துகள் கலந்திருக்கும், அதில் சிறிது வினிகரை விட்டுப் பார்த்து நுரைத்தால் ஒதுக்கிவிட வேண்டும், ஏனெனில் அது தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். விளக்கு ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் எரிந்தால் போதுமானது. தொடர்ந்து இருட்டில் வைத்த தங்கமீன் வெளிறும் என்பது உண்மையே. ஆனால் சிவப்பு ஒளி விளக்கைப் போட்டு மீனைச் சிவப்பாக்குவது நம் கண்ணைத்தான் ஏமாற்றும்.

நாட்களில் மங்கினால் சந்தேகம் தண்ணீரின் மேல் திரும்ப வேண்டும். டெல்டாவில் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறுகிறது. வேதாரண்யம், சீர்காழிப் பக்கத்துக் கடலோர ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறியிருக்கும் இடங்கள் பல. அத்தகைய தண்ணீரில் நியான் டெட்ராவையும் டிஸ்கஸையும் வளர்த்து நிறத்தை எதிர்பார்ப்பது வீண். கப்பியும் மோலியும் அதே தண்ணீரில் செழிக்கும். தண்ணீரை மீனுக்கேற்ப மாற்றுவதைவிட மீனைத் தண்ணீருக்கேற்பத் தேர்ந்தெடுப்பதே எளிது. நகராட்சிக் குழாய் நீரானால் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்தோ ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) கரைத்தோ குளோரினை நீக்கிய பின்பே பயன்படுத்த வேண்டும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் புதுத்தண்ணீர் வரும்போது அதை மொண்டு ஊற்றும் ஆசை பலருக்கு வரும். வயலில் அடித்த மருந்து வடிந்து கலக்கும் நீர் என்பதால் அதைத் தொடாமலிருப்பது நல்லது.

தண்ணீரில் கூடும் அம்மோனியா கண்ணுக்குத் தெரியாது. காரத்தன்மையும் வெப்பமும் உயர்ந்தால் அதன் நச்சு கடுமையாகும் என்பதால் சித்திரை, வைகாசி மாதங்களில் நம் பகுதிக் கிணற்று நீர்த் தொட்டிகள் விரைவில் கெடுகின்றன. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுவதும், இரண்டு நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டுமே இரை போடுவதும் பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பல நாட்கள் மின்சாரம் இல்லாதபோது, எங்கள் வீட்டுத் தங்கமீன்கள் சுண்ணாம்பு தடவியதுபோல் ஆயின. அப்போது இரையை அறவே நிறுத்தி, தினமும் ஒரு குடம் நீர் மாற்றியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மின்சாரம் வந்து வடிகட்டி ஓடத் தொடங்கிய சில வாரங்களில் நிறம் மீண்டது. தோலில் உப்புத் தூவியதுபோன்ற வெண்புள்ளிகளோ, பொன்தூள் படிந்ததுபோன்ற மங்கலோ தெரிந்தால் அது ஒட்டுண்ணி நோய். அதற்கு உரிய மருந்து வேண்டும்.

வாரக்கணக்கில் மெல்ல மங்குவதுதான் உணவின் குறை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகிய நிறங்களைத் தரும் கரோட்டினாய்டுகளை மீனால் தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. அவை இரையிலிருந்தே வர வேண்டும். நீலம் அப்படியன்று. நியான் டெட்ராவின் நீலக்கோடும் சண்டைமீனின் நீலமும் தோலில் உள்ள நுண்படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுபவை. எந்த நிறத் தீவனமும் அந்த நீலத்தைக் கூட்டாது.

நம் கைக்கெட்டும் பொருள்களே இதற்குப் போதும். நாகைச் சந்தையில் கிடைக்கும் சென்னாங்கூனியில் இறால் இனத்தில் காணப்படும் செந்நிறமி அஸ்டாசாந்தின் இருக்கிறது; செண்டுமல்லி இதழிலும் முருங்கைக்கீரையிலும் லூட்டீன் என்னும் மஞ்சள் நிறமி இருக்கிறது; தங்கமீன் லூட்டீனைச் செந்நிறமியாக மாற்றிக்கொள்ள வல்லது. சென்னாங்கூனியை உப்புப் போகப் பலமுறை அலசி, நிழலில் உலர்த்திப் பொடிக்க வேண்டும். அத்துடன் வேகவைத்து அரைத்த முருங்கைக்கீரை, சிறிது ஸ்பைருலினா என்னும் பாசியின் பொடி, இரண்டு சொட்டு எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். இந்நிறமிகள் கொழுப்பில் கரைபவை என்பதால் எண்ணெய் அவசியம். நோன்புக் காலத்தில் வீடுகளில் செய்யும் கடற்பாசியை (அகர் அகர்) காய்ச்சி, சற்று ஆறியதும் கலவையை அதில் கிளறி, தட்டில் ஊற்றி, உறைந்தபின் துண்டுகளாக்கி உறைபெட்டியில் வைக்கலாம். செண்டுமல்லியைச் சேர்ப்பதானால், மருந்தடிக்காமல் வீட்டில் வளர்ந்த பூவாக இருக்க வேண்டும்; மாலை கட்டும் கடையிலிருந்து வாங்கிவந்த பூவை நான் சேர்ப்பதில்லை. அசோலா என்னும் மிதக்கும் நீர்ப்பெரணியை வளர்க்கும் வயல்காரர் அருகில் இருந்தால் ஒரு கைப்பிடி வாங்கி, நன்றாகக் கழுவித் தங்கமீனுக்குப் போடலாம்.

வாரத்தில் மூன்று நாட்கள் இந்த இரையும் மற்ற நாட்களில் வழக்கமான தீவனமும் போடலாம். மூன்று வாரங்களுக்கு முன் மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். சிவப்பும் வெள்ளையும் கலந்த மீனில் வெள்ளைப் பகுதி மஞ்சளித்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். கடைத் தீவனத்தை வாங்குவோர், வெயில் படும் இடத்தில் தொங்கும் பாலித்தீன் பொட்டலங்களைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் ஒளியும் வெப்பமும் காற்றும் நிறமியை அழித்துவிடும்.

இவற்றில் எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, அதே விளக்கின் கீழ், அதே இடத்திலிருந்து வாரம் ஒரு படம் எடுத்து ஒப்பிட வேண்டும். கண்ணின் நினைவை நம்பக் கூடாது.

எதற்கும் திரும்பாத நிறமும் உண்டு. கண்ணாடிமீனுக்குச் சாயம் ஏற்றி விற்பார்கள். அது மங்கியே தீரும், அதை வாங்காதிருப்பதே அந்த மீனுக்குச் செய்யும் உதவி. பெண் கப்பியின் வாலில் ஆணுக்குரிய வண்ணம் கண்டால் ஹார்மோன் கொடுத்திருக்க வாய்ப்புண்டு. அந்த மருந்து நின்றதும் நிறம் இறங்கும். கரிய தங்கமீன் சில மாதங்களில் வயிற்றிலிருந்து ஆரஞ்சாக மாறத் தொடங்கினால், அதன் கருநிறச் செல்கள் வளர்ச்சியின் போக்கில் மறைகின்றன. மீன் நன்றாகத் தின்று நீந்தும் வரை அதற்கு எந்த மருந்தும் தேவையில்லை.