வேகமாகக் கட்டுவதாக நினைத்துச் செய்யும் தவறுகள்

சுவர் கட்டும்போது இன்று எத்தனை கல் வைத்தோம் என்றுதான் எல்லாரும் கணக்குப் பார்க்கிறார்கள். கொத்து வேலையில் நேரத்தைத் தின்பது கல் வைப்பதல்ல. வைத்ததைப் பிரிப்பதும், கோணலைப் பூச்சில் மறைப்பதும்தான்.

சுவரின் முதல் கல் வரியிலேயே தவறு தொடங்கிவிடுகிறது. கலவை இல்லாமல் கல்லை வெறுமனே அடுக்கிப் பார்த்தால் கதவு நிலை எங்கே வரும், துண்டுக் கல் எங்கே விழும் என்று அப்போதே தெரிந்துவிடும். அதைச் செய்யாதவர் ஓரத்துக்கு வந்ததும் கல்லை உடைத்து உடைத்துத் திணிப்பார்.

அப்புறம் வரிகளுக்கு இடையே வரும் கலவைத் தடிமன். 10 மி.மீ. இருக்க வேண்டியது அவசரத்தில் 12 ஆனால் என்ன என்று தோன்றும். 20 வரி ஏறினால் அது 4 செ.மீ.! சுவரின் ஒரு மூலையில் மட்டும் இப்படி ஆனால் ஜன்னல் மட்டம் சாய்ந்துவிடும். வரி உயரங்களைக் குறித்த சட்டத்தை இரு மூலையிலும் நிறுத்தி நூல் கட்டிவிட்டால், ஒவ்வொரு கல்லுக்கும் ரசமட்டம் வைக்க வேண்டாம். வேகமும் தானாக வரும். சுவர் செங்குத்தாக ஏறுகிறதா என்று பார்க்கத் தூக்குக்குண்டு மட்டும் சில வரிகளுக்கு ஒருமுறை விட்டே ஆக வேண்டும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது நெட்டுச் சந்துதான், அதாவது ஒரே வரியில் அடுத்தடுத்த கற்களுக்கு நடுவே வரும் செங்குத்து இடைவெளி. கல்லின் பக்கவாட்டில் ஓரமாகக் கொஞ்சம் கலவையைத் தடவி ஒட்டிவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்த மாதிரி இருக்கும், உள்ளே பொந்து. மழைநீர் அந்த வழியாகத்தான் இறங்கும். சந்தேகமாக இருந்தால், வைத்த உடனே ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். பக்கம் முழுவதும் கலவை பிடித்திருக்க வேண்டும். அந்தக் கலவையை வழித்துவிட்டு, புதிதாகப் போட்டே திரும்ப வையுங்கள். கலவை இறுகத் தொடங்கியபின் கல்லைத் தட்டி நேராக்குவதும் தவறு, பிடிப்பு விட்டுப்போகும்.

காய்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால் முன்கூட்டியே நனைக்க வேண்டும். சிமென்ட் பிளாக்கை மட்டும் அப்படி ஊற வைக்கக் கூடாது, பிறகு சுருங்கி விரிசல் விடும். இறுகிப்போன கலவையில் தண்ணீர் ஊற்றிக் கிளறினால் இளகும், ஆனால் பலம் போய்விடும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குழைப்பதே மேல்.

ஒரே நாளில் சுமார் 1.5 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம். கீழே உள்ள ஈரக் கலவை பாரத்தில் பிதுங்கும், சுவர் லேசாகச் சாயும். அப்படிச் சாய்ந்த சுவரை நேராகக் காட்டப் பூச்சை அப்ப வேண்டிவரும். அப்போது செலவாவது ஒரு நாளா, ஒரு வாரமா என்பது சாய்வைப் பொறுத்தது.