கண்ணில் படாத இனங்களையும் கணக்கில் சேர்ப்பது எப்படி?

ஓரிடத்தில் சில நாள் சுற்றி 120 பட்டாம்பூச்சிகளைப் பார்த்தீர்கள், அவற்றில் 24 இனங்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாழ்பவை 24 இனங்கள்தானா? தப்பியவை சில இருக்கத்தான் செய்யும். எத்தனை என்று கணிக்கத் தாளும் பேனாவும் போதும்.

முதலில் ஒவ்வொரு இனத்துக்கும் எதிரே எத்தனை பூச்சிகள் என்று எழுதுங்கள். ‘நிறைய’, ‘கொஞ்சம்’ எல்லாம் உதவாது, எண் வேண்டும்.

அடுத்து, ஒரே ஒரு பூச்சி மட்டும் கிடைத்த இனங்களை எண்ணுங்கள். இவை ‘ஒற்றை’: 8 என்று கொள்வோம். இரண்டே பூச்சிகள் கிடைத்தவை ‘இரட்டை’: 4. நாற்பது தடவை வந்த இனத்தை மறந்துவிடலாம். ஒளிந்திருப்பவற்றைப் பற்றித் துப்புச் சொல்வது அரிதாக வந்தவைதான். ஒற்றைகள் நிறைய இருந்தால் பட்டியல் இன்னும் நீளும். எல்லாமே பலமுறை வந்துவிட்டால் முடியப்போகிறது என்று பொருள். இரண்டாம் உலகப் போரில் ரகசியக் குறியீடுகளை உடைத்த ஆலன் டூரிங், ஜாக் குட் ஆகியோரின் யோசனை இது. தைவானின் புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984இல் கொடுத்த சூத்திரமும் இதையே பிடித்துக்கொள்கிறது:

மொத்தம் = பார்த்தவை + (ஒற்றை × ஒற்றை) ÷ (2 × இரட்டை)

நம் கணக்கில் 24 + 64 ÷ 8 = 32. இரட்டையே இல்லையென்றால் பூச்சியத்தால் வகுக்க முடியாதே? அப்போது ஒற்றை × (ஒற்றை − 1) ÷ 2 என்பதைக் கூட்டுங்கள்.

சரி, இந்த 32 என்பது ‘குறைந்தது 32’. உண்மை அதற்கு மேலும் இருக்கலாம்.

அப்புறம் இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள்: 1 − ஒற்றை ÷ மொத்தப் பூச்சிகள். 1 − 8 ÷ 120, அதாவது சுமார் 93 சதவீதம். அடுத்து வரும் பூச்சி ஏற்கெனவே பார்த்த இனமாக இருக்க அவ்வளவு வாய்ப்பு. ஆனால் இனங்களில் நாம் பார்த்தது 32க்கு 24, முக்கால் பங்குதான்! முதன்முறையாக இதைக் கணக்கிடுபவர்கள் குழம்பிப்போவார்கள். விடுபட்டவை எல்லாம் அரிதானவை. அதனால்தான் இரண்டும் ஒத்துப்போவதில்லை.

ஒற்றைகளை அடையாளம் காண்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். பெயர் தவறாகிப் புதிதாய் இரண்டு ஒற்றைகள் முளைத்தால் 26 + 100 ÷ 8, விடை 38.5க்குத் தாவிவிடும்.

எறும்புக்கு இந்த முறை அப்படியே ஒத்துவராது. ஒரு புற்றிலிருந்தே நூற்றுக்கணக்கில் வந்துவிடும். இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் இருந்த இனங்கள் ஒற்றை, இரண்டு கட்டங்களில் இருந்தவை இரட்டை என்று எண்ணுங்கள். கட்டங்கள் நிறைய இருந்தால் அதே சூத்திரம் போதும்.